மேசைத் தொலைபேசியின் விசைகள்

இணைய மேசைத் தொலைபேசி முன்பக்கத்தில் பழைய தொலைபேசிதான். ரிசீவர், சுருள் கம்பி, 12 எண் விசைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடுதலாக ஒரு சிறு திரையும் அதன் இருபுறமும் விளக்கு வைத்த விசைகளும் இருக்கும். மாற்றம் முதுகுப்புறத்தில். தொலைபேசி லைனைச் செருகும் துளை அங்கே கிடையாது. கணினிக்குப் போடும் ஈதர்நெட் கம்பிதான் வந்து சேர்கிறது. குரல் அதன் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. யீலிங்க், சிஸ்கோ, பாலிகாம், ஸ்னோம் என்று பெட்டியின் பெயர் எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

2010-களின் நடுவில் லண்டன் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில், ஒரு கடையின் மேல்மாடியில் இயங்கிய தமிழ்க் கணக்காளர் அலுவலகம் ஒன்றுக்கு இத்தகைய தொலைபேசிகள் நான்கு வந்தன. வாடிக்கையாளர்களில் பலர் மினிகேப் ஓட்டுநர்கள், ஆஃப் லைசென்ஸ் கடைக்காரர்கள், பெட்ரோல் நிலையம் நடத்துபவர்கள். பிரிட்டனில் சுயதொழில் செய்வோர் இணையம் வழியே வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. ஒரு நாள் பிந்தினாலும், கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லாவிட்டாலும், 100 பவுண்டு அபராதம் உண்டு. ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்து கதவு திறந்த நாளிலிருந்து தொலைபேசி ஓயாது. அந்த அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் தொலைபேசியின் ஒவ்வொரு வசதியையும் கற்றது அந்த ஜனவரி நெருக்கடியில்தான்.

அதற்கு முன் அங்கே இருந்தவை இரண்டு செப்புக் கம்பி லைன்கள். ஒவ்வொரு லைனிலும் இரண்டு இரண்டு தொலைபேசிகள் இணைந்திருந்தன. ஒருவர் எடுத்துப் பேசினால் மற்ற அறையில் ரிசீவரைத் தூக்குபவருக்கும் அது கேட்கும். அழைப்பை இன்னொருவருக்கு மாற்றுவது என்றால் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணை, லைன் ரெண்டு உங்களுக்கு!" என்று கத்துவது. உள்ளறையில் ரிசீவர் எடுக்கப்பட்ட சத்தம் கேட்டதும் வெளியறையில் வைத்துவிட வேண்டும். இந்த முறையில் ஒரு வசதி இருந்தது: கத்தும்போது யார், என்ன விஷயம் என்பதும் சேர்ந்தே போய்விடும். மூன்றாவது ஆள் அழைத்தால் மட்டும் எங்கேஜ் சத்தம்.

கூடுதல் வசதிகள் செப்புக் கம்பியிலும் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகு, நட்சத்திர விசையையும் 21-ஐயும் அழுத்தி அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பலாம். 1994 முதல் 1471 என்று அடித்தால் கடைசியாக அழைத்தவரின் எண்ணைக் குரல் ஒன்று வாசித்துச் சொல்லும். ஆனால் இவையெல்லாம் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இருந்த வசதிகள். மேசைமேல் இருந்த கருவிக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. குறியீடுகளை மனப்பாடம் செய்தவர்கள் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் ரிசீவரை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தார்கள்.

இணையத் தொலைபேசி அடியோடு வேறு ஏற்பாடு. பழைய முறையில் எண் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து குறிப்பிட்ட கட்டடத்துக்கு வரும் ஒரு சோடிக் கம்பியின் பெயர். புதிய முறையில் எண் சேவை வழங்குபவரின் கணினியில் இருக்கும் ஒரு கணக்கு. தொலைபேசிக்கு மின்சாரம் வந்ததும் அது அந்தக் கணினியைத் தேடிப் போய்த் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி, "201 இப்போது இந்த முகவரியில் இருக்கிறது" என்று பதிந்துகொள்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போன்ற வேலை. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 201-க்கு அழைப்பு வந்தால் அந்தக் கணினி பதிவேட்டைப் பார்த்து, கடைசியாகக் கையெழுத்து விழுந்த இடத்துக்கு அனுப்புகிறது. இந்தத் தொலைபேசியின் வசதிகள் எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. அதன் குறைகளும் அங்கிருந்தே வருகின்றன.

இந்த உரையாடலுக்கான விதிமுறையின் பெயர் எஸ்.ஐ.பி. அதன் முதல் வரையறை 1999 மார்ச்சிலும், இன்று பயன்படும் வடிவம் 2002 ஜூனிலும் வெளியாயின. இரண்டையும் எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஹேண்ட்லி, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வு செய்தவர். 1973-இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையோடு பீட்டர் கிர்ஸ்டைன் முயற்சியால் இணைக்கப்பட்ட அதே கல்லூரி அது. இணையப் பக்கங்களின் விதிமுறையை ஒட்டியே எஸ்.ஐ.பி.யை அமைத்தார்கள். அதனால் தொலைபேசிகள் பேசிக்கொள்வதை மனிதரும் வாசிக்கலாம். அழைப்பவர் 'இன்வைட்' அனுப்புவார். மணி அடிக்கத் தொடங்கினால் 180, எடுத்தால் 200, எங்கேஜ் என்றால் 486, அப்படி ஒரு எண்ணே இல்லை என்றால் 404. பேசி முடித்து வைத்ததும் 'பை'.

குரல் தனி வழியில் போகிறது. ரிசீவரில் பேசுவதை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கும் முறை பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளிலிருந்தே வந்தது. அதன் மூலக் கருத்து 1937-இல் ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸுக்குத் தோன்றியது. அந்த எண்களை 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது தொலைபேசி. ஒரு பொட்டலத்தில் குரலுக்கு 160 பைட், முகவரி முதலிய தலைப்புகளுக்கு 40 பைட். நொடிக்கு 50 பொட்டலம் என்றால் ஒரு திசைக்கு ஏறக்குறைய 80 கிலோபிட். பிராட்பேண்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். அலுவலகத்தில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கினால் பொட்டலங்கள் பிந்தும்; எதிர்முனையில் குரல் ரோபோ பேசுவது போல் உடையும். கோப்பு ஏறி முடிந்ததும் தானாகச் சரியாகும்.

லண்டன் தமிழர்களுக்கு இணையத்தில் குரல் அனுப்புவது இந்தப் பெட்டிகளுக்கு முன்பே பழகிய விஷயம். பழகியது பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 1990-களின் இறுதியிலும் 2000-களிலும் மூலைக் கடைகளில் விற்ற தொலைபேசி அட்டைகளின் பின்புறத்தைச் சுரண்டி, ஓர் எண்ணை அடித்து, ரகசிய இலக்கத்தை அடித்து, அதன்பின் கொழும்பு எண்ணையோ சென்னை எண்ணையோ அடிப்பார்கள். அந்த மலிவு அழைப்புகளில் பல இடையில் இணையம் வழியாகவே போயின. சொன்னது போய்ச் சேர ஒரு கணம் பிந்தும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்கோ" என்று இருவரும் சொல்வார்கள். ஒரு திசைக்கு 150 மில்லிநொடிக்கு மேல் போகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அட்டைகள் அந்த வரம்பை மதிக்கவில்லை.

புதிய தொலைபேசியில் முதலில் இடித்தது எண்ணை அடிக்கும் பழக்கம். லண்டன் எண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1990 மே 6 வரை நகரம் முழுவதற்கும் 01. அன்று நடு லண்டன் 071 என்றும் சுற்றுப்புறம் 081 என்றும் பிரிந்தன. 1995 ஏப்ரல் 16 முதல் 0171, 0181. 2000 ஏப்ரல் 22 முதல் முழு லண்டனுக்கும் 020. அதன்பின் எட்டு இலக்கம். முன்பு 0181 ஆக இருந்தவை 020 8 என்று ஆனதால் மக்கள் மனத்தில் 0208 என்பதே குறியீடாகப் பதிந்துவிட்டது. ஈஸ்ட் ஹாம் கடைப் பலகைகளிலும் அப்படியே எழுதியிருந்தது. செப்புக் கம்பியில் லண்டனுக்குள் எட்டு இலக்கம் மட்டும் அடித்தால் போதும். இந்த அலுவலகத்தின் இணையத் தொலைபேசிக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரியாது. 020-ஐச் சேர்க்காவிட்டால் எண் தவறு என்று ஒரு பெண்குரல் சொல்லும். நீண்ட காலமாக எட்டு இலக்கம் அடித்துப் பழகிய விரல்கள் அந்தக் குரலைப் பலமுறை கேட்டன.

வரும் அழைப்புக்கு 'ரிங் குரூப்' என்று ஓர் ஏற்பாடு. அலுவலக எண்ணை யாராவது அழைத்தால் நான்கு மேசைகளும் சேர்ந்து அடிக்கும். முதலில் எடுத்தவருக்குப் போய், மற்ற மூன்றும் ஓயும். 'ஹன்ட் குரூப்' என்றால் வரிசை முறை: முதல் மேசை சில நொடி அடித்து, எடுக்காவிட்டால் அடுத்த மேசை. முதலில் எல்லாம் சேர்ந்து அடிக்கும்படி வைத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. அமைப்பைச் சரிசெய்யாத வரை, வேறொருவர் எடுத்துப் பேசி முடித்த அழைப்பும் மற்ற மூன்று திரைகளில் 'மிஸ்டு கால்' என்று விழும். மாலையில் திரையைப் பார்ப்பவருக்கு நாள் முழுக்க ஒரு அழைப்பையும் எடுக்காத குற்றப்பட்டியல் போலத் தெரியும். சிலர் அந்த எண்களுக்குத் திரும்ப அழைக்க, "இப்பதானே அக்காவோட கதைச்சனான்" என்று பதில் வரும். வழங்குநரிடம் சொல்லி ஒரு குறிப்பை மாற்றியபின் அது நின்றது.

அழைப்பை எடுத்தபின் முதலில் தேவைப்படுவது 'ஹோல்ட்'. விசையை அழுத்தியதும் தொலைபேசி, நடந்துகொண்டிருக்கும் அழைப்பிலேயே இன்னொரு 'இன்வைட்' அனுப்பி, குரலின் போக்குவரத்தை நிறுத்தச் சொல்கிறது. காத்திருப்பவருக்கு வழங்குநரின் கணினி இசையைப் போடுகிறது. பக்கத்திலேயே 'மியூட்' விசை. இரண்டும் ஒன்றல்ல. மியூட்டில் இந்தப் பக்கத்து ஒலிவாங்கி மட்டும் அடங்கும். அந்தப் பக்கம் பேசுவது தொடர்ந்து கேட்கும், ஆனால் அவருக்கு ஒரு சத்தமும் போகாது. ஹோல்ட் போடுவதாக நினைத்து மியூட்டை அழுத்திவிட்டு ஃபைல் தேடப் போனால், வயதானவர்கள் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். இசை கேட்டால் அறுபது வயதுக்காரரும் பொறுமையாக நிற்பார். மேளச் சத்தம் வராத ஏதோ ஒரு பியானோ இசை அது. யாரும் அதைப் புகழவில்லை, ஆனால் யாரும் வைத்துவிட்டுப் போகவும் இல்லை.

அடுத்தது 'ட்ரான்ஸ்ஃபர்'. அலுவலகத் தொலைபேசியின் உயிர் அதில்தான். இரண்டு வகை உண்டு. ஒன்றில் ட்ரான்ஸ்ஃபரை அழுத்தி, உள்ளறை மேசையின் எண்ணான 203-ஐ அடித்து, மறுபடி ட்ரான்ஸ்ஃபர் அழுத்திவிட்டு ரிசீவரை வைத்துவிடலாம். அங்கே ஆள் இருக்கிறாரா, எடுப்பாரா என்று பார்ப்பதில்லை. அழைத்தவரின் தொலைபேசியிடம் "இனி நீ 203-ஐ அழைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வது அது. மற்றதில் முதல் அழைப்பு ஹோல்டில் இருக்க, 203-ஐத் தனியாக அழைத்துப் பேசி, அவர் சரி என்றபின் இரண்டு அழைப்புகளையும் ஒன்றாகக் கோத்துவிட்டு நடுவில் இருப்பவர் விலகுவார்.

முதல் வகை சில நொடிகளை மிச்சப்படுத்தும். ஜனவரியில் அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அழைத்தவர் முன்மேசையில் சொன்ன கதையை உள்ளறையில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கணக்காளர் மேசையில் இல்லாவிட்டால் அழைப்பு அடித்து அடித்து மறுபடி முன்மேசைக்கே வரும். சில வேளை வாய்ஸ்மெயிலில் போய் விழும். பழைய நாளில் கத்திச் சொன்ன செய்தியைப் புதிய பெட்டி சுமந்து போகவில்லை. திரையில் எண் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஆகவே முன்மேசை அக்கா இரண்டாம் வகைக்கு மாறினார். அவர் செய்வதைப் பார்த்தே மற்றவர்கள் கற்றார்கள். "ஐயா, ஒருக்கா நில்லுங்கோ, அவரிட்டக் குடுக்கிறன்." ட்ரான்ஸ்ஃபர், 203. உள்ளே எடுத்ததும், "அண்ணை, ஈலிங் கடைக்கார ஐயா. 100 பவுண்ஸ் தண்டம் எண்டு கடிதம் வந்திருக்காம். போன வருசக் கணக்கு அனுப்பினதோ எண்டு கேக்கிறார்." உள்ளே ஃபைலைத் திறக்கும் சத்தம். "சரி பிள்ளை, குடு." மறுபடி ட்ரான்ஸ்ஃபர், அதன்பின்தான் ரிசீவர் கீழே. கணக்காளர் எடுத்த எடுப்பில், "ஐயா, உங்கட கணக்கு 28-ஆம் தேதியே போட்டாச்சு, கடிதத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ" என்று தொடங்குவார். காத்திருந்த அரை நிமிடத்தை அந்த ஒரு வாக்கியம் ஈடுகட்டிவிடும். அவர் பேச விரும்பாவிட்டால், அக்கா தன் திரையில் 'கேன்சல்' அழுத்திப் பழைய அழைப்புக்குத் திரும்பி, "அண்ணை வெளியில போட்டார், நாலு மணிக்குப் பிறகு எடுப்பார்" என்பார். முதல் வகையில் இந்த மரியாதைக்கு இடமே இல்லை.

'பார்க்' விசை இதற்கு அடுத்த படி. ஆள் எந்த மேசையில் இருப்பார் என்று தெரியாதபோது அழைப்பை யாருக்கும் கொடுக்காமல் பொது இடம் ஒன்றில் நிறுத்திவைப்பது அது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் இயங்கும் அமைப்புகளில் 700-க்கு அழைப்பை மாற்றினால், "701" என்று குரல் சொல்லும். அலுவலகத்தின் எந்தத் தொலைபேசியிலிருந்தும் 701 அடித்தால் அந்த அழைப்பு அங்கே வந்துவிடும். கணக்காளர் பின்னறையில் பழைய ரசீதுப் பெட்டிகளுக்கு நடுவே இருந்தால், "அண்ணை, 701!" என்று ஒரே ஒரு குரல். கத்துவது மிச்சமிருந்தது, லைன் எண்ணுக்குப் பதில் நிறுத்திய இடத்தின் எண். குறித்த நேரத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு நிறுத்தியவரிடமே திரும்பி அடிக்கும்.

'பிக்கப்' இதன் மறுபக்கம். பக்கத்து மேசையில் மணி அடிக்கிறது, அவர் இல்லை என்றால் எழுந்து ஓட வேண்டியதில்லை. தன் தொலைபேசியில் நட்சத்திரமும் 8-உம் அடித்தால் அந்த அழைப்பு இங்கே வரும். திரையின் பக்கத்து விளக்குகள் இதற்குத் துணை. ஒவ்வொரு விளக்கும் ஒரு மேசை: பச்சை என்றால் சும்மா இருக்கிறார், சிவப்பு என்றால் பேசிக்கொண்டிருக்கிறார், மின்னினால் அடிக்கிறது. கதவு மூடிய உள்ளறையில் அண்ணை பேசுகிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அந்த விளக்கோடு போயிற்று. யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது; சொந்தப் பேச்சுகள் கைப்பேசிக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அழைப்பைத் திருப்புவதில் மூன்று வகை: எப்போதும், எங்கேஜ் என்றால் மட்டும், எடுக்காவிட்டால் மட்டும். திருப்பிய அழைப்பில் இரண்டாவது பாதிக்கான கட்டணம் திருப்பியவரின் கணக்கில் ஏறும். கைப்பேசிக்குத் திருப்பினால் மாத பில்லில் அது தெரியும். 'எப்போதும்' என்பதை வெள்ளி மாலை போட்டுவிட்டு மறந்தால் ஞாயிறு காலையும் வாடிக்கையாளர் கைப்பேசியில் வருவார். 'டிஸ்டர்ப் செய்யாதே' விசையில் எதிர்ப்புற ஆபத்து. ஒரு சந்திப்புக்காக அழுத்திவிட்டு எடுக்க மறந்தால், மணி அடிக்காத அந்த மேசையில் இருப்பவர் இன்று கூட்டம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பார். திரையின் மூலையில் ஒரு சிறு சிவப்புக் குறி இருக்கும்; அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

மூவர் சேர்ந்து பேசும் 'கான்ஃபரன்ஸ்' அந்த அலுவலகத்தில் வேறெந்த வசதியையும்விடப் பயன்பட்டது. வரித் துறையின் உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் வாடிக்கையாளர்கள் பலர். அலுவலகம் ஒருவருக்காகப் பேச வேண்டுமென்றால், முதலில் அவரே பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண் ஆகியவற்றைச் சொல்லி, இன்னார் எனக்காகப் பேசலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கடையைப் பூட்டிவிட்டு ஈஸ்ட் ஹாம் வர முடியாது. எனவே வரித் துறையை அழைத்து நீண்ட இசையைக் கேட்டு வரிசையில் நின்று, அதிகாரி வந்ததும் கான்ஃபரன்ஸை அழுத்தி, வாடிக்கையாளரின் கைப்பேசியை அழைத்து, மறுபடி கான்ஃபரன்ஸ். மூன்று குரல்களையும் கலப்பது மேசைமேல் இருக்கும் அந்தப் பெட்டியேதான். ஆகையால் நடுவில் இருப்பவர் வைத்துவிட்டால், பெரும்பாலான தொலைபேசிகளில் மற்ற இருவரும் அறுந்துபோவார்கள். வேலை முடியும்வரை அவர் எழுந்திருக்கக் கூடாது.

அந்த உரையாடல்களில் கடினம் எழுத்துக்களில் இருந்தது. பழைய தொலைபேசி வலை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஆங்கில எஸ்-ஐயும் எஃப்-ஐயும் பிரித்துக் காட்டும் ஒலி அதற்கு மேலே இருக்கிறது. தேசியக் காப்பீட்டு எண்ணோ இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு எழுத்து. தமிழ்ப் பெயர்களின் நீளத்தைச் சொல்லவே வேண்டாம். "எஸ் ஃபார் சுகர், பி ஃபார் பீட்டர்" என்று ஒவ்வொன்றாக உடைத்துச் சொல்வது லண்டன் தமிழர் எல்லாருக்கும் கைவந்த கலை. இணையத் தொலைபேசிகள் தமக்குள் பேசும்போது 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். 201-லிருந்து 203-க்குப் பேசினால் ஆள் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். வெளியே போகும் அழைப்பு பழைய வலையைத் தொட்டதும் மீண்டும் குறுகிவிடும். சுகரும் பீட்டரும் ஓய்வு பெறவில்லை.

உதவி எண்களில் "ஒன்றை அழுத்துங்கள்" என்று வரும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விசை ஒவ்வொன்றும் இரண்டு சுரங்களின் கூட்டு. 5 என்றால் 770, 1,336 ஹெர்ட்ஸ். குரலைச் சுருக்கி அனுப்பும் அமைப்புகளில் இந்தச் சுரங்கள் சிதைந்துபோகும். அதனால் இணையத் தொலைபேசி சுரத்தைக் குரலோடு கலக்காமல், "5 அழுத்தப்பட்டது" என்று தனிச் செய்தியாக அனுப்பும். இரு முனைகளும் இதில் ஒத்துப்போகாவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் மறுமுனை கேட்காததுபோல் மீண்டும் முதலிலிருந்து பட்டியலை வாசிக்கும். தொடக்க வாரங்களில் அப்படி ஓர் உதவி எண்ணில் யாரும் உள்ளே போக முடியவில்லை. அமைப்பில் ஒரு தேர்வை மாற்றியதும் கதவு திறந்தது.

வாய்ஸ்மெயிலில் செய்தி விழுந்தால் தொலைபேசியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். அதே செய்தி ஒலிக்கோப்பாக மின்னஞ்சலிலும் வரும். இளையவர்கள் பெயரும் எண்ணும் சொல்லி வைப்பார்கள். மூத்தவர்களின் செய்திகள் வேறு மாதிரி: "ஹலோ... ஹலோ... உது மெஷினல்லோ கதைக்குது" என்று வீட்டில் யாரிடமோ சொல்வது மட்டும் பதிவாகியிருக்கும். குரலை வைத்தே அக்கா ஆளைக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்துவிடுவார். பின்னர் வாழ்த்துச் செய்தியைத் தமிழிலும் பதிந்து, பெயரைச் சொல்லும்படி கேட்டதும் மெதுவாகப் பெயர்கள் வரத் தொடங்கின.

எண் இடத்தோடு கட்டுண்டது அல்ல என்பதன் முழுப் பொருளும் 2020 மார்ச் 23-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது புரிந்தது. ஊழியர்கள் தொலைபேசிகளைக் கழற்றிப் பைகளில் வைத்து இல்ஃபோர்டுக்கும் வெம்பிளிக்கும் குரோய்டனுக்கும் கொண்டுபோனார்கள். வீட்டு ரௌட்டரில் கம்பியைச் செருகியதும் பெட்டி தன் பதிவைப் போட்டுக்கொண்டது. 203 வெம்பிளிச் சமையலறையில் அடித்தது. வாடிக்கையாளர் பலருக்கு அலுவலகம் பூட்டிக் கிடந்ததே தெரியாது. விளக்குகள், பார்க், ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் முன்போலவே. கத்தினால் மட்டும் கேட்காது என்பதால் "701" என்பது வாட்ஸ்அப் குழுவில் வந்தது.

இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. அலுவலகத்தில் தொலைபேசிக்கு மின்சாரம் ஈதர்நெட் கம்பி வழியாகவே வந்தது. 2003-இல் வகுத்த முறைப்படி சுவிட்ச் பெட்டி அதை அனுப்பும். வீட்டு ரௌட்டர்கள் அதைச் செய்வதில்லை. தனி அடாப்டர் வந்து சேரும்வரை ஒரு தொலைபேசி இருண்ட திரையோடு கிடந்தது. மற்றது, ஒரு வீட்டில் மணி அடிக்கும், எடுத்தால் இவர் பேசுவது அங்கே கேட்கும், அங்கே பேசுவது இங்கே கேட்காது. அழைப்புக்கான செய்தி ஒரு வழியிலும் குரல் வேறு வழியிலும் போவதால் வருவது இது: செய்தியை அனுமதித்த ரௌட்டர், குரல் பொட்டலங்கள் யாருக்கு என்று அறியாமல் வாசலிலேயே விட்டுவிடுகிறது. ரௌட்டரில் எஸ்.ஐ.பி.க்கு 'உதவி' செய்வதாகச் சொல்லும் ஓர் அமைப்பை நிறுத்தியதும் இரு காதும் திறந்தன.

இதே சுதந்திரம் 999 அழைப்பில் பொறுப்பாக மாறுகிறது. அவசர உதவிக்கான இந்த எண் 1937 ஜூன் 30-இல் லண்டனில்தான் தொடங்கியது. செப்புக் கம்பியிலிருந்து அழைத்தால், பேச முடியாமல் விழுந்தவரின் முகவரியும் எண்ணை வைத்துத் தெரிந்துவிடும். இணையத் தொலைபேசியில் தெரிவது வழங்குநரிடம் பதிந்து வைத்த முகவரி மட்டுமே. வெம்பிளியில் இருக்கும் 203 அவசரத்துக்கு அழைத்தால் ஆம்புலன்ஸுக்கு ஈஸ்ட் ஹாம் முகவரி காட்டும். ஆகவே தொலைபேசியை இடம் மாற்றினால் வழங்குநரின் பக்கத்தில் முகவரியையும் மாற்ற வேண்டும். 999-இல் இடத்தை வாயால் முதலில் சொல்ல வேண்டும்.

மின்வெட்டு அடுத்த வரம்பு. செப்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சிலிருந்தே கொண்டுவந்தது. தெரு இருண்டாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்யும். இணையத் தொலைபேசிக்குப் பெட்டி, சுவிட்ச், ரௌட்டர் மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். கைப்பேசி இல்லாமல் வீட்டுத் தொலைபேசியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நெறி. கழுத்தில் பொத்தான் மாட்டியிருக்கும் முதியவர்களின் அபாயக் கருவிகள், லிஃப்ட் அலாரங்கள், சில கடைகளின் கார்டு மெஷின்கள் ஆகியவையும் பழைய லைனில் தொங்கியவை. அபாயக் கருவிகள் வேலை செய்யாமல் போன சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் செப்புக் கம்பியிலிருந்து இணையத்துக்குக் கட்டாயமாக மாற்றுவதை நிறுத்திவைத்து, இத்தகையவர்களின் கருவிகளைச் சோதித்துப் பார்த்தே மாற்றுவதாக அரசுக்கு உறுதியளித்தன.

ஈஸ்ட் ஹாம் அலுவலகம் தானாக முன்வந்து செய்த மாற்றம் இன்று எல்லாருக்குமானது. பிரிட்டனில் புதிய செப்புக் கம்பி லைன்களின் விற்பனை 2023 செப்டம்பரில் நின்றது. பழைய வலையை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்து, பின்னர் 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். தற்செயலாக அதுவும் வரிக் கணக்கின் கடைசி நாள்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு வசதிகளைக் கற்றுக்கொடுக்கும் வரிசையும் அந்த அனுபவத்தில் உருவானது. முதல் நாள் ஹோல்டும் மியூட்டும், அவற்றின் வேறுபாடு. அன்றே ட்ரான்ஸ்ஃபர், சொல்லிக் கொடுக்கும் வகை மட்டும். சொல்லாமல் தள்ளும் வகையைப் பின்னால் அவரே கண்டுகொள்வார். அதன்பின் பார்க், பிக்கப், விளக்குகள். கான்ஃபரன்ஸ் முதல் முறை யாராவது பக்கத்தில் இருக்கும்போது. திருப்பிவிடும் விசையையும் டிஸ்டர்ப் செய்யாதே விசையையும் கடைசியாக, எடுப்பது எப்படி என்பதைச் சொன்ன பிறகே போடுவது எப்படி என்பது. தொலைபேசியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் கையெழுத்திடும் தாளில் மூன்று வரி இருந்தது: அடாப்டர் எடுத்தாயிற்றா, ரௌட்டரில் குரல் இரு பக்கமும் கேட்கிறதா, 999-க்கான முகவரி மாற்றியாயிற்றா.